சாமிக் கிடாய் ஆட்டுக் கணக்கில் வராது

எங்க தாய்மாமன் ஒண்ணு சொல்வாருங்க சார். ஆட்டுக் காதை மடிச்சுப் பிடிச்சுக்கிட்டு, உண்ணியைப் பிடுங்கி நகத்துல வெச்சு நசுக்கிக்கிட்டே சொல்வாரு. "மருமகனே, உண்ணிக்கு எத்தனை காலு இருந்தாலும் அது நடந்து ஊருக்குள்ள வராது. அது வர்றதெல்லாம்..." அப்படின்னு இழுத்து, எது மேலயோ ஏறித்தான் வரும்னு முடிப்பாரு. எது மேலங்கிறதுதான் மறந்துபோச்சு. நான் அப்பப் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடிக்கிட்டிருப்பேன், பாதிதான் காதுல விழும். மாமா போய்ச் சேர்ந்துட்டாரு. மீதிப் பாதியும் அவரோட போயிருச்சு.

ஏன் சொல்றேன்னா, இந்தச் சாக்கைப் பார்த்ததும் காலைத் தூக்கிட்டீங்க. வையுங்க சார், காலை நல்லா நீட்டி வையுங்க. ரெண்டு ஆட்டுக்குட்டிதான். சந்தையில பிடிச்சது. மூச்சு விட தலையை வெளிய எடுத்து விட்டிருக்கேன், லக்கேஜ் டிக்கெட்டும் போட்டாச்சு. உங்க பேன்ட்டை நக்குதா? உப்புக்கு நக்கும். விடுங்க. இதுங்க எதுக்குன்னு நான் இறங்கும்போது சொல்றேன், அதுக்கு முன்னாடி கதை இருக்கு.

நம்ம பேரு பூமிநாதன். ஊரு செங்கணேந்தல். பாதி ஆயுசை மஸ்கட்டுல கழிச்ச ஆளு. ஒரு கட்டடக் கம்பெனியில ஸ்டோர்கீப்பர். ஸ்டோர்கீப்பர்னா சாதாரணமா நினைச்சுராதீங்க. ஒரு போல்ட்டு, ஒரு வாஷர், என் கண்ணைத் தாண்டி உள்ள வராது, வெளிய போகாது. மேனேஜரே ஆனாலும் கேட்டுல நிறுத்தி டிக்கியைத் திறன்னுதான் சொல்வேன். திறப்பாரு. அந்த மாதிரி ஒரு பேரு எடுத்திருந்தேன்.

ஏன் திரும்பி வந்தேன்னு எல்லாரும் கேக்குறாங்க. ஒரு நாள் மதியம் கிடங்கு வாசல்ல நிக்கிறேன். எதிர்ல ஒரு மொட்டை மலை. புல்லு பூண்டு கிடையாது. நான் என் பொண்டாட்டி முகத்தைப் பார்த்த நேரத்தைவிட இந்த மலையைப் பார்த்த நேரம் அதிகம்னு தோணுச்சு. மலைக்கு என்ன தெரியும்? அடுத்த மாசம் ஊர்ல இருந்தேன்.

வந்து ஆட்டுப் பண்ணை போட்டேன். பரண் அமைப்பு. தரையில இருந்து தூக்கிக் கட்டி, பலகை அடிச்சு, புழுக்கை கீழ விழுற மாதிரி. வீடியோ பார்த்துப் பார்த்துக் கட்டினது. ஆடும் லேசுல வாங்கலை. இந்தச் சந்தையில ஒரு உருப்படி, அந்தச் சந்தையில ஒரு உருப்படின்னு, பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எடுத்தேன். எல்லாத்தையும் ஒரே நாள்ல பரண்ல ஏத்தினேன். ஊரே வந்து பார்த்துச்சு. பக்கத்து வீட்டு மச்சக்காளை, எனக்கு மாமன் மகன் முறை, அவன் வந்து பலகையைத் தட்டிப் பார்த்துட்டு, "மாப்ளே, ஆடு மாடியில இருக்கு, நாங்கதான் தரையில இருக்கோம்"னான். பொறாமை. அவனும் ஆடு வெச்சிருக்கான், ஓலைக் கொட்டகையில.

ஐப்பசி மழை பிடிச்சுச்சு. அடைமழை. ஆட்டை வெளிய விட முடியலை, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுப் பரண்லயே கிடந்துச்சு. மழை விட்டதும் பார்க்கிறேன், ஒவ்வொண்ணும் தூணுல போய் உரசுது. காதை உதறுது. மடிச்சுப் பார்த்தா உள்ள கொட்டமுத்து மாதிரி உண்ணி. ஆமணக்கு விதை தெரியுமில்ல, அதே நிறம், அதே மினுமினுப்பு, ரத்தம் குடிச்சு உப்பிப் போய். வாலுக்கு அடியில, மடிக்குப் பக்கத்துல, தாடைக்குக் கீழ. ஆடெல்லாம் கண்ணு வெளுத்து, தீவனம் எடுக்காம நின்னுச்சு. நல்ல சினை ஆடு ஒண்ணு, கறுப்பி, படுத்தது எந்திரிக்கலை. அவளைப் புதைக்கும்போது வயித்துக்குள்ள குட்டி அசைஞ்ச மாதிரி இருந்துச்சு எனக்கு. பிரமையா இருக்கும்.

என்ன சார், சொறியுறீங்க? அது மனசு. உண்ணின்னு பேச்சை எடுத்தாலே எல்லாருக்கும் அரிக்கும். இது வெறும் பேச்சுதானே.

கறுப்பி செத்த அன்னைக்குத் தவமணி, என் வீட்டுக்காரி, கையைக் கழுவிட்டு வந்து சொன்னா. "மாசிக் களரி வரைக்கும் பார்ப்போம். ஆடு நின்னா நீங்களும் நில்லுங்க. நிக்கலைன்னா கம்பெனிக்காரன் இன்னும் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கான், போயிட்டு வாங்க."

மாசிக் களரின்னா எங்க பக்கம் சிவராத்திரியை ஒட்டிக் குலசாமி கும்பிடுறது. எங்க சாமி சோணையா. கண்மாய்க் கரையில இருக்காரு. தவமணி அப்படிச் சொன்னதும் எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. இத்தனை வருசம் தனியாவே வீட்டை நடத்திப் பழகிட்டா இல்லையா, நான் இருக்கிறது அவளுக்கு இடைஞ்சல் போலன்னு நினைச்சுக்கிட்டேன். அவளுக்கு என் மேல பெருசா ஒட்டுதல் கிடையாதுங்க. அப்படியே வளர்ந்துட்டா.

மஸ்கட் போக எனக்கு மனசு இல்லை. அந்த மலையை மறுபடி யாரு பார்க்கிறது? நேரா கண்மாய்க் கரைக்குப் போனேன். சோணையா, என் தொழுவத்துல உண்ணி போகணும், நான் ஊர்ல நிக்கணும், மாசிக்கு உனக்குக் கிடாய் வெட்டுறேன்னு நேர்ந்துக்கிட்டேன். மறுநாளே பரண்ல இருந்ததுல நல்ல வாட்டசாட்டமான குட்டிக் கிடாயா ஒண்ணைப் பிடிச்சு, காது நுனியில அடையாளத்துக்குக் கீறி, கழுத்துல மணி கட்டி, மஞ்சத் துணி சுத்தி, ஊருக்குள்ள அவிழ்த்து விட்டேன்.

நீங்க டவுன் ஆளு, உங்களுக்குத் தெரியாது. நேர்ந்து விட்ட கிடாயை யாரும் கட்டக் கூடாது, விரட்டக் கூடாது, அடிக்கக் கூடாது. அது எந்தத் தோட்டத்துல மேஞ்சாலும் மேஞ்சதுதான். எந்தக் கொட்டகையில படுத்தாலும் அந்த வீட்டுக்கு நல்லது. கத்திரிக்கோல் படக் கூடாது, மருந்து மாயம் படக் கூடாது. வெட்டுற அன்னைக்கு மஞ்சத் தண்ணி தெளிச்சா அதுதான் அதுக்குக் குளியல். ஊர்ல அதை ஆடுன்னு கூடச் சொல்ல மாட்டோம். "சோணையா வந்திருக்காரு, தண்ணி வை"ம்பாங்க.

அதுக்கடுத்த நாள் கால்நடை டாக்டரம்மாவைக் கூட்டிட்டு வந்தேன். சின்ன வயசுப் பொண்ணு, ஆனா விவரம். ஆடு மேல இருக்கிறது கொஞ்சம்தானாம். மீதியெல்லாம் பலகை இடுக்குலயும் சுவர் வெடிப்புலயும் முட்டை போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்குமாம். ஈரமும் நெருக்கமும்தான் அதுக்கு விருந்தாம். இடுக்கைப் பூசுங்க, கூளத்தைக் கொளுத்துங்க, எல்லா ஆட்டுக்கும் ஒரே நாள்ல மருந்து போடுங்க, ஒண்ணு விட்டுப்போனாலும் அத்தனையும் வீண்னு சொல்லிச்சு. போட்டு முடிச்சு, "எல்லாத்துக்கும் ஆயிருச்சா, வேற ஆடு இல்லையே?"ன்னு கேட்டுச்சு. இல்லைம்மான்னேன்.

பொய் இல்லையே சார். சாமிக் கிடாய் ஆட்டுக் கணக்குல வராது.

கொஞ்ச நாள்ல என் தொழுவம் பளிச்சுன்னு ஆயிருச்சு. ஆடு தீவனம் எடுத்துச்சு. பாதி டாக்டரம்மா, பாதி சோணையான்னு நானே பங்கு பிரிச்சுக்கிட்டேன்.

அப்பத்தான் இந்த வேடிக்கை. ஊர்ல மத்தவங்க வீட்டுல உண்ணி கிளம்புது. முதல்ல டீக்கடைக்குப் பின்னாடி இருக்கிற கொட்டகையில. சோணையா அங்கதான் பஜ்ஜி தின்னுட்டுப் படுப்பாரு. அப்புறம் வடக்குத் தெருவுல. அங்க அகத்திக்கீரை போடுவாங்க, சோணையாவுக்குப் பிடிக்கும். அப்புறம் மச்சக்காளை கொட்டகை. சாமி போய்ப் படுத்த வீட்டுக்கெல்லாம் இப்படி ஒரு சோதனை வருதேன்னு எனக்கே வருத்தம். அதைத் தடுக்கத்தான் சாமி முன்கூட்டியே போய் அங்க படுத்திருக்காருன்னு எனக்கு ஒரு எண்ணம். அவர் மட்டும் போகாட்டி இன்னும் மோசமாயிருக்கும்.

மச்சக்காளை என்ன பண்ணினான்? டீக்கடையில உட்கார்ந்துக்கிட்டு அதுக்கு "மஸ்கட் உண்ணி"ன்னு பேரு வெச்சுட்டான். விமானத்துல வந்த உண்ணியாம், பாஸ்போர்ட் வெச்சிருக்காம். சின்னப் பிள்ளைங்க கூடக் காலைச் சொறிஞ்சுக்கிட்டு "மஸ்கட்டு, மஸ்கட்டு"ன்னு பாடிக்கிட்டு ஓடுது. ஒருத்தனும் என் பண்ணையில வந்து பார்க்கலை. பார்த்திருந்தா அப்ப ஒரு உண்ணி காட்ட முடியாது அவனால.

ஆனா பாருங்க, மார்கழி பிறந்ததும் என் ஆடும் மறுபடி உரச ஆரம்பிச்சிருச்சு.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மச்சக்காளை கொட்டகையில இருந்து திரும்பி வந்திருக்குன்னு முடிவு பண்ணினேன். என் பழைய வேலையைக் காட்டினேன். பண்ணையைச் சுத்திக் கம்பி வலை. வாசல்ல சுண்ணாம்புத் தொட்டி, யாரு வந்தாலும் அதுல காலை நனைச்சுட்டுத்தான் உள்ள வரணும். ஆட்டை மேய்ச்சலுக்கு அனுப்புறதில்லை, தழையை வெட்டிக் கொண்டாந்து போடுறது. இதுக்கு குவாரன்டைன்னு பேரு. தபால்காரரைத் தொட்டியில இறக்கினேன். கரன்ட் கணக்கெடுக்க வந்தவரை இறக்கினேன். என் மச்சினனை, தவமணியோட தம்பியை, ஷூவைக் கழட்டச் சொல்லி இறக்கினேன், அவன் அன்னையோட வர்றதை நிறுத்திட்டான். மச்சக்காளை வீட்டுக் கோழி கம்பிக்குள்ள தலையை விட்டா அதையும் விரட்டினேன். ஒரு உருப்படி என் கண்ணைத் தாண்டி உள்ள வரலை.

சோணையா மட்டும் வருவாரு. அவருக்காக வலையில ஒரு சின்னக் கதவு வெச்சிருந்தேன், முட்டித் திறந்துக்கிட்டு வர்ற மாதிரி. வளர்ந்த வீட்டுப் பாசம் பாருங்க, ஊரெல்லாம் சுத்திட்டுப் பொழுது சாய்ஞ்சா இங்கதான். என் ஆடுங்களுக்கு நடுவுல போய்ப் படுப்பாரு. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு தூணுலயும் முதுகை நல்லாத் தேய்ப்பாரு. அப்படித் தேய்க்கிறது வீட்டுக்கு விசேஷம். நான் தூணுல திருநீறு கூடப் பூசி வெச்சேன்.

டாக்டரம்மா மறுபடி வந்துச்சு. தொட்டியில கால் நனைச்சுட்டுத்தான் வந்துச்சு, மரியாதை தெரிஞ்ச பொண்ணு. இத்தனை ஏற்பாடு பண்ணியும் எப்படி வருதுன்னு அதுக்கும் புரியலை. வெளி ஆடு எதுவும் வருதான்னு கேட்டுச்சு. ஈ எறும்பு வராதும்மான்னேன். நான் சொல்லிக்கிட்டிருக்கும்போதே மணிச் சத்தம். சின்னக் கதவைத் தலையால முட்டிக்கிட்டு சோணையா உள்ள வந்து, டாக்டரம்மாவைத் தாண்டிப் போய்த் தூணுல முதுகைத் தேய்ச்சாரு.

அந்தப் பொண்ணு அவரையே பார்த்துச்சு. அப்புறம் என்னைப் பார்த்துச்சு.

"இது யாரு ஆடு?"

"ஆடு இல்லைம்மா. சாமி."

கிட்டப் போய், தொடாம, குனிஞ்சு காதைப் பார்த்துச்சு. "சாமிக்கு மருந்து போடலாமா?"ன்னு மெதுவாக் கேட்டுச்சு. நான் பதறிப் போயிட்டேன். ஊர்ல யாரு காதுலயாவது விழுந்தா என்ன ஆகும்? எடுத்துச் சொன்னேன், நேர்ந்து விட்டது மேல மருந்து படக் கூடாது, பட்டா நேர்த்திக்கடன் செல்லாதுன்னு. பொறுமையாக் கேட்டுச்சு. பையை மூடிக்கிட்டே, "அப்போ சாமிகிட்டயேதான் நீங்க சொல்லணும்"னு சிரிச்சுக்கிட்டே போயிருச்சு. பாருங்க, படிச்ச பொண்ணுக்கும் கடைசியில பக்திதான் வருது. வாசல் வரைக்கும் போய், அங்க கோலம் போட்டுக்கிட்டிருந்த தவமணிகிட்ட ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்துச்சு. சமையல் பத்தியா இருக்கும்.

அந்த வாரத்துலதான் மாமா சொன்னதுல இன்னும் கொஞ்சம் ஞாபகம் வந்துச்சு. "நாமளே வாங்கன்னு கூப்பிட்டு உள்ள விடுறோமே, அது மேல ஏறித்தான்..." இப்படி ஏதோ வரும். எனக்குத் திக்குன்னு ஆச்சு. கூப்பிட்டு உள்ள விட்டது யாரை? தீபாவளிக்கு மச்சக்காளையைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன்! வந்து பரணைத் தட்டிக்கிட்டு நின்னானே. அதோட அவனைக் கூப்பிடுறதை நிறுத்தினேன்.

அப்பத்தான் மஸ்கட்டுல இருந்து போன். பழைய மேனேஜர். வர்றதா இருந்தா விசா ரெடிங்கிறாரு. நான், மாசி முடியட்டும் சார், ஆட்டைப் பார்த்தா வர வேண்டியதுதான் போலிருக்குன்னேன். தவமணி அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டிருந்தா. அன்னைக்கு அவ சரியாச் சாப்பிடலை. பனிக்காலம், வயித்துக்குச் சேரலை போலன்னு நினைச்சு, ஓமத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக் குடிச்சா.

அதுக்கப்புறம் அவளுக்கு திடீர்னு பக்தி வந்துருச்சு சார்.

பொழுது சாயும்போது சோணையா வருவாரில்ல, அவருக்கு முன்னாடியே கிணத்தடியில போய் உட்கார்ந்திருப்பா, கையில முருங்கைக் கீரையோட. அவரும் போய் அவ மடியில தலையை வெச்சுக்குவாரு. இவ அவரு காதை மடிச்சுப் பிடிச்சுக்கிட்டு, குனிஞ்சு, உதட்டை அசைச்சுக்கிட்டே இருப்பா. ஒரு காது முடிஞ்சா மறு காது. கோயில்ல நந்தி காதுல வேண்டுதல் சொல்வாங்க பார்த்திருக்கீங்களா, அதே மாதிரி. சாமியைத் தொடலாமான்னு எனக்கு ஒரு யோசனை. கும்பிடுறதுக்குத் தொட்டா தப்பில்லைன்னு விட்டுட்டேன்.

பக்கத்துல ஒரு சிரட்டையில மண்ணெண்ணெய் மாதிரி எதையோ ஊத்தி, அதுல கொட்டமுத்துப் போட்டு வெச்சிருந்தா. மங்கின வெளிச்சம், நானும் கண்ணாடி போடலை. என்னான்னு கேட்டேன். "கொட்டமுத்துதான், விளக்குக்கு எண்ணெய் எடுக்கலாம்னு"ங்கிறா. வீட்டுல அப்ப வேப்பெண்ணெய் வேற தண்ணியாச் செலவாகுது. வாங்கி வெச்சா வாரம் தாங்காது. அவ கையெல்லாம் வேப்பெண்ணெய் வாசம். சோறு போடும்போது அந்தக் கசப்பு வாசம் வரும். எந்தக் கோயில்ல இவ்வளவு விளக்குப் போடுறேன்னு கேட்டதுக்கு, "போடுற இடத்துல போடுறேன், நீங்க சாப்பிடுங்க"ன்னு சொல்லிட்டா.

என்ன ஒரு அதிசயம்னா, தை மாசத்துல சோணையா உடம்பே மின்னுச்சு. ரோமமெல்லாம் எண்ணெய் தடவின மாதிரி. ஊர்க்காரங்களே சொன்னாங்க, கிடாய்க்கு அருள் ஏறிருச்சுன்னு. கிட்டப் போனா வேப்பிலை வாசம் அடிக்குது. வேப்பிலைன்னா அம்மன் இல்லையா? சோணையாவோட அம்மனும் சேர்ந்துக்கிட்டான்னு நான் கன்னத்துல போட்டுக்கிட்டேன்.

மாசி வர்றதுக்குள்ள என் தொழுவத்துல உரசல் நின்னுருச்சு. டாக்டரம்மா மருந்தும் மறுபடி போட்டுச்சு, இந்தத் தடவை பிடிச்சுக்கிச்சு. இமையை விலக்கிப் பார்த்தா ரத்தம் ஊறி நல்ல சிவப்பு. ரெண்டு ஆடு சினை. நான் மஸ்கட்டுக்கு போன் போட்டு, வரலை சார்னு சொன்னேன். தவமணி பின்னாடிதான் நின்னா. திரும்பிப் பார்க்கிறேன், முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டிருக்கா. வேப்பெண்ணெய்க் கையைக் கண்ணுல வெச்சா எரியத்தானே செய்யும்? கையைக் கழுவுன்னேன். சிரிச்சுக்கிட்டே, "ஆமாங்க, எரியுது"ன்னா.

களரியில சொன்ன வாக்குப்படி கிடாயை வெட்டியாச்சு. ஊருக்கே கறிச்சோறு. தவமணி மட்டும் வாயில வைக்கலை, தினமும் அவ மடியில தலையை வெச்சுப் படுத்த ஜீவனாம். அதுக்கப்புறம் நடந்ததுதான் சார் பெரிய அற்புதம். அது வெட்டுப்பட்டு ஒரு பங்குனி, ஒரு சித்திரை போறதுக்குள்ள ஊர்லயே உண்ணி அடங்கிருச்சு. டீக்கடைக் கொட்டகையில இல்லை, வடக்குத் தெருவுல இல்லை, மச்சக்காளை கொட்டகையில கூட இல்லை. பலி வாங்கிக்கிட்டு அத்தனையையும் தன்னோட கொண்டுபோயிட்டாரு சோணையா. மச்சக்காளையே வந்து, "மாப்ளே, உன் மஸ்கட்டு உண்ணி ஊரைக் காலி பண்ணிருச்சு"ன்னான். மறுபடி சாப்பிடக் கூப்பிட்டேன்.

கழுத்துல என்ன சார் அது? இருங்க, அசையாதீங்க. ஒண்ணுமில்லை, சின்ன மச்சம் மாதிரி... மச்சம் நகருமா? சரி, எடுத்துப் போட்டாச்சு. பஸ்ஸுல எதெதுவோ ஏறி வருது, கவர்மென்ட் கவனிக்கணும்.

அடுத்த ஸ்டாப் எங்க ஊரு விலக்கு. காலையில கிளம்பும்போது தவமணி ஒரே ஒரு சாமான்தான் சொல்லிவிட்டா, வேப்பெண்ணெய் வாங்கிட்டு வாங்க, மழைக்கு முன்னாடி தொழுவத்துல தெளிச்சு வைக்கணும்னு. உண்ணியே இல்லாத ஊர்ல எதுக்கு வேப்பெண்ணெய்? நான் வாங்கலை. சந்தைக்குள்ள போய் இந்த ரெண்டையும் பிடிச்சேன். கூட்டத்துல நெருக்கிக்கிட்டு நின்னதுல நல்ல குட்டியாப் பொறுக்கினது. ராத்திரிக்குப் பரண்ல மத்த ஆட்டோட விட்டாத்தான் ஒட்டும்.

சாக்கைக் கொஞ்சம் தூக்கி விடுங்க சார். அந்த மூலையைப் பிடிங்க. ஆங், அவ்வளவுதான்.

வர்ற வெள்ளிக்கிழமை காது கீறி, மணி கட்டி, இந்த வருசம் ரெண்டு கிடாயா சோணையாவுக்கு நேர்ந்து அவிழ்த்து விடுறேன்.